ஒன்பது வருஷமும் ஒரு கல் வில்லும்

வில் போட்டு வாசித்த பழங்கால வாத்தியங்களை ஆராய்கிற தொழிலில் ஒரே ஒரு குறைதான், ஆராய்வதற்கு வாத்தியம் கிடையாது. மரம் உளுத்துப் போயிருக்கும். தோலைப் பூச்சி தின்றிருக்கும். மிச்சம் இருப்பது கோயில் தூண்களில் செதுக்கிய பொம்மைகள். அந்தப் பொம்மையின் கையில் இருப்பது வில்லா, சாமரத்தின் காம்பா, கரும்பா என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வேலை.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எவ்வளவு என்பது இதைப் படிக்கிற சக கௌரவ விரிவுரையாளர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். என் நெறியாளர் தலைப்புகளைப் பங்கு வைத்த அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் கிடைக்காமல் அரை மணி தாமதமாகப் போனேன். ஏரிகள், கல்வெட்டுகள், வணிகர்கள் எல்லாவற்றையும் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ‘வயலின் வருவதற்கு முன் தமிழகத்தில் வில் வாத்தியங்கள்’. எனக்கு சங்கீதம் தெரியாது சார் என்றேன். “அதுவும் நல்லதுதாம்மா, பாரபட்சம் இருக்காது” என்றார் அவர்.

வயலின் நமக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் யாராவது நரம்பின் மேல் வில்லை வைத்து இழுத்து வாசித்தார்களா? இதுதான் கேள்வி. இதற்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. பல்கலைக்கழகம் இரண்டு தடவை கெடு நீட்டித்துக் கொடுத்துவிட்டு, இதுவே கடைசி என்று கடிதம் போட்டது. எங்கள் கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகி, முனைவர் பட்டம் கையில் இருந்தால் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பும் வந்தது. எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அடுத்த காலியிடத்துக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன்.

என் கையில் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. திருவெள்ளறையைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கோயில். நாயக்கர் காலத்துக்கும் முந்திய தூண் ஒன்றில் முழ உயரத்துக்கு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நீளக் கழுத்துள்ள வாத்தியத்தை மார்போடு சாய்த்திருக்கிறாள். வலது கையில் ஒரு வில். ஊர்ப் பெயர் சொல்லப் போவதில்லை, காரணம் கடைசியில் தெரியும். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த வலது கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

லேபிள்

‘பழைய வயலின் எல்லாம் பார்க்கிற மேடம்’ என்று என் பெயர் எப்படியோ வெளியே போய்விட்டது. வயலினுக்கு முந்தியதைப் பார்க்கிறேன் என்று சொன்னாலும் கேட்பதில்லை. தில்லை நகரில் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் போன் மேல் போன் போட்டு வரவழைத்தார். பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்த வயலினை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே காட்டினார். உலகமே கொண்டாடும் இத்தாலியக்காரர் ஒருவரின் பெயர் போட்ட லேபிள் ஒட்டியிருந்தது. குடும்பமே சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தது. அவருடைய மனைவி காபியோடு முந்திரி வேறு வைத்திருந்தார்.

இந்த லேபிளைத் தொழிற்சாலைகளில் கட்டுக் கட்டாக அச்சடித்து, செய்கிற வயலினுக்கெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள், இன்ன மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது என்று முடிந்தவரை மென்மையாகச் சொன்னேன். முந்திரித் தட்டு நகர்ந்து போயிற்று. அவர் டார்ச்சை அணைக்காமலே இன்னொரு தடவை உள்ளே பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, இவ்வளவு படித்தவர் ஒரு துண்டுக் காகிதத்தை இப்படி நம்புகிறாரே என்று கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. அந்தச் சிரிப்புக்கான தண்டனை எனக்குப் பின்னால் கிடைத்தது. வாசல் வரை வந்து செருப்பு போடும்போது அவர் கேட்டார்: “லேபிள்லயே போட்டிருக்கு. தப்பாவா போடுவாங்க மேடம்?”

அண்ணன் சமாசாரம்

வில் வாத்தியம் என்றாலே புத்தகங்களில் முதல் பக்கத்தில் ராவணன் வந்துவிடுவான். அவன் செய்ததாகச் சொல்லப்படும் வாத்தியம் ஒன்று வடக்கே இன்றும் வாசிக்கப்படுகிறது. கொட்டாங்குச்சியில் தோல் போர்த்தி, மூங்கில் கழி நட்டு, சலங்கை கட்டிய வில்லால் இழுப்பார்கள். இது பற்றிப் பழைய வியாக்கியானங்களில் எங்காவது குறிப்பு உண்டா என்று கேட்க, எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரு ஸ்வாமியிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர். கிரந்தம், மணிப்பிரவாளம் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர். அவரிடம் நேரம் வாங்கவே மூன்று வாரம் ஆயிற்று, ஏகாதசி, உற்சவம், பெண் வீட்டார் வருகை என்று தள்ளிக்கொண்டே போனது.

உட்காரச் சொல்லி, தீர்த்தம் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ராவணன் பெயரை நான் ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று நினைத்து நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தேன். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப் போகிற வழியில் கீழே வைத்ததால்தானே பெருமாள் இங்கே ஸ்ரீரங்கத்தில் தங்கினார் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இதே ஊரில் குடியிருக்கிறவளுக்கு வந்திருக்க வேண்டும். ஸ்வாமி கண்ணைத் திறந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “தம்பி ஏளப்பண்ணிண்டு வந்த பெருமாள் அம்மா இது. அண்ணன் சமாசாரத்தையெல்லாம் இங்க வந்து விசாரிக்கறயே.”

சாம்பிராணி

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷாஜகான் பாய் அத்தர் கடை வைத்திருக்கிறார். சவுதியில் பதின்மூன்று வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். என் மாணவி ஒருத்தி அவர் கடையில் ஏதோ ஒற்றைத் தந்தி வாத்தியம் தொங்குவதாகச் சொன்னாள். கல்லூரி முடிந்து களைத்துப் போய், அலங்காரச் சாமானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். பாட்டில்களுக்கு மேல் ஆணியில் தொங்கியது ரபாபா. சதுரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல், தந்திக்கும் குதிரை முடி, வில்லுக்கும் குதிரை முடி. வில் என்றால் நிஜமாகவே வேட்டை வில் மாதிரி வளைந்த குச்சி. படத்தில் மட்டும் பார்த்திருந்ததை முதல் தடவையாக நேரில் பார்த்தேன், களைப்பு போன இடம் தெரியவில்லை.

அளவு எடுத்தேன், படம் எடுத்தேன், கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாகக் கல்லாவை விட்டு இறங்கி வந்து, விற்பனைக்கு வைத்திருந்த சாம்பிராணியில் ஒரு கட்டியை எடுத்து, தந்தியில் வழுக்காமல் பிடிப்பதற்காக வில்லின் முடியில் தேய்த்தார். பாலைவனத்தில் ஒட்டகம் வைத்திருந்த முதலாளியின் மாமனார் அப்படித்தான் தேய்ப்பாராம். அவரிடம்தான் கற்றுக்கொண்டாராம். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். மூக்கடைத்த குரல் மாதிரி ஒரு சத்தம், நாலு சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. முடித்துவிட்டு வாத்தியத்தை என்னிடம் நீட்டினார். நான் வில்லைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து, வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். கீச்சென்று ஒரு இழுப்பு, அதோடு நிறுத்திவிட்டேன். ஷாஜகான் பாய் மெதுவாக வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்: “தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். எட்டு வருஷமா இந்த வில்லைப் பத்தித்தானே எழுதுறீங்க?”

பன்றிக்குத்தான் தெரியும்

பச்சைமலையில் ஒரு ஊரில் ‘கயிற்றை இழுத்தால் அலறுகிற வாத்தியம்’ இருப்பதாக வேறொரு ஆய்வாளர் சொன்னார். இழுத்தால் சத்தம் என்றதும் எனக்கு நரம்பு, வில் எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடின. துறையூர் போய், காலையில் மேலே ஏறுகிற ஒரே பஸ்ஸைப் பிடித்து, இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். மரவள்ளிக் காட்டில் அண்ணாமலை என்பவர் வேலையாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே குடிசைக்குள் போய் எடுத்து வந்தார். பெயின்ட் டப்பா. அடியில் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய கயிற்றைக் கோத்திருந்தது. டப்பாவைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கயிற்றை இரண்டு விரலால் வழித்து இழுத்தார். சிறுத்தை உறுமுவது மாதிரி மலையே அதிர்ந்தது. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டாமல் இருக்க இந்த ஏற்பாடு.

உரசலினால் ஒலி எழுப்பும் கருவி என்று இதை ஒரு வகையில் சேர்க்க முடியுமா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நாள் பயணத்தை வீணாக்க மனசில்லாமல், இதை எப்போதாவது கோயில் திருவிழாவில் வாசிப்பீர்களா, தாளத்தோடு சேர்ப்பீர்களா, உங்கள் முன்னோர்கள் பாட்டுக்கு இழுத்ததுண்டா என்றெல்லாம் கேட்டேன். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று அவர்தான் கவலைப்பட்டார். கொஞ்சம் தினையும் ஒரு பை கிழங்கும் கொடுத்து, பாதி வழி வரை வந்து விட்டுவிட்டுச் சொன்னார்: “நான் இழுத்தா பன்னி ஓடுதும்மா. சங்கீதமா இல்லையான்னு அதுகிட்டத்தான் கேக்கணும்.”

கைதட்டல்

இப்படி எல்லாப் பக்கமும் சுவரில் முட்டிய பிறகு, அந்தத் தூண் சிலை ஒன்றுதான் துணை. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தேன். பழைய காலத்து வில் எல்லாம் வளைந்திருக்கும். நேரான வில் வெகு பின்னால், வெளிநாட்டில் வந்தது. ஆனால் நம் சிலையின் கையில் இருப்பது கம்பி மாதிரி நேரான வில். அது மட்டுமா, கை பிடிக்கிற முனையில் சின்னக் கட்டை மாதிரி ஒரு புடைப்பு. முடியை இறுக்கிப் பிடிக்க இன்றைய வயலின் வில்லில் இருக்கிற அதே கட்டை. ஆக, உலகத்துக்கு முன்னால் நம்மவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடித்தேன். அந்தப் புடைப்புக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒன்பது வருஷத்தில் என் வேலைக்காக யாரும் கை தட்டியதில்லை, காது சூடாகிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. கோயில் இருக்கும் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் தூணுக்குப் பக்கத்தில் நீல பெயின்ட் அடித்த போர்டு வைத்தார்: ‘உலகின் முதல் வயலின் இங்கே’. நான் வயலின் என்றே சொல்லவில்லை. ஆனால் சந்தோஷத்தில் அதைத் திருத்தப் போகவில்லை. நெறியாளர் என் தோளைத் தட்டினார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர், அவருடைய மாணவர்களில் கரை சேராமல் மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான். அவர் சொன்னது: “அந்தக் குச்சியைக் கெட்டியா பிடிச்சுக்கோம்மா. அது உன்னைக் கரையேத்திடும்.”

அரப்புப் பொடி

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஐந்து வாரம் இருக்கும்போது, சிலையின் அளவுகளோடு கிட்டத்தில் எடுத்த படமும் வேண்டும் என்று துறையில் கேட்டார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் தள்ளி நின்று எடுத்த படங்கள். பக்கத்தில் போனாலும் பிரயோஜனம் இல்லை, சிலை முழுக்க விளக்கெண்ணெயும் கரியும் ஏறி ஒரே கறுப்பாக இருந்தது. நேர்த்திக்கடன் என்று எல்லாரும் அதன் மேல் எண்ணெய் தடவுவார்கள். பூசாரியிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். தலைக்குத் தேய்க்கிற அரப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் அவரே முன்னின்று துடைக்க விட்டார். வாத்தியம் வெளுத்தது, முகம் வெளுத்தது, காதுத் தோடு கூடத் தெரிந்தது. எல்லாம் மங்கின மஞ்சள் கலந்த கல் நிறம். வலது கையும் வில்லும் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தன. வேறு கல்லில் செய்து பொருத்தியிருக்கிறார்கள், என்ன ஒரு தொழில்நுட்பம் என்று நோட்டில் எழுதினேன். ஆமாம், அப்படித்தான் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மதில் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கரணையோடு இறங்கி வந்து பின்னால் நின்று பார்த்தார். செல்வராசு என்று பெயர், அதே ஊர்க்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். “அது கல்லு இல்லீங்க மேடம், சிமெண்டு” என்றார். என் மூத்த பொண்ணு பொறந்த வருஷம் இங்க கும்பாபிஷேகம் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் இப்போது காலேஜ் முடித்துவிட்டாளாம். கை உடைந்த சிலை இருக்கக் கூடாது, பின்னம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லையாம். உடைந்த கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஏதோ வாத்தியம் வாசிக்கிறாள், பார்த்துச் செய் என்று விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தின மாசம்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் டைல்ஸ் வேலை பார்த்தாராம். அங்கே நடந்த கச்சேரியில் வயலின்காரரைப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வில் ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்று கேட்டேன். கேட்ட குரல் என் குரல் மாதிரியே இல்லை. “உள்ள கட்டுக்கம்பி குடுத்திருக்கேன், கம்பி நேரா இருந்துச்சு” என்றார். கைப்பிடிப் பக்கத்தில் இந்தப் புடைப்பு? “அவரு கட்டைவிரல் வெக்கிற எடத்துல கருப்பா ஒரு கட்டை இருந்துச்சுங்க. அதையும் விடலை.” பன்னிரண்டு பக்கம். தூணடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூசாரி தண்ணீர் கொண்டு வந்தார். செல்வராசு குத்துக்காலிட்டு என் எதிரில் உட்கார்ந்து, சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: “நீங்க இதுல பெரிய படிப்பு படிச்சவங்கன்னு சொன்னாங்க. சரியா வந்திருக்கா மேடம்?”

பரீட்சகர்

வருகிற வழியில் பஸ்ஸில் அழுதேன். ஜன்னல் சீட் கிடைத்தது ஒரு வசதி. நெறியாளர் வீட்டுக்கு நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நியூஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பக் கொஞ்சம் எண்ணெய் தடவினால் ஒரு வருஷத்தில் கறுத்துவிடும் என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். என் மகளுக்கு ஜுரம் வந்த இரண்டு தடவையும் கெடு நீட்டிக்கத் தானே அலைந்து கையெழுத்து வாங்கித் தந்தவர். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அப்போதும் நினைத்தார்.

சொல்லாமல் விடலாமா என்று நானும் யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. நான்காம் அத்தியாயத்தைத் திறந்து படிப்பேன், ‘நம் சிற்பியின் நுண்மாண் நுழைபுலம்’ என்று எழுதியிருந்த இடம் வந்ததும் செல்வராசின் முகம் வரும், மூடிவிடுவேன். பட்டம் வேண்டும், வேலை வேண்டும், வீட்டுக்காரர் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், எல்லாம் நிஜம். ஆனால் வகுப்பில் நின்று மாணவர்களிடம் ஆதாரத்தைச் சோதித்துப் பார் என்று சொல்லிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டுமே என்று பயமாக இருந்தது. நான்காம் நாள் போன் செய்து, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் சார் என்றேன். அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. “உன் இஷ்டம். ஆனா ஒண்ணு சொல்றேன், கொத்தனாரை யாரும்மா பரீட்சகரா போடப் போறாங்க?”

நீல பெயின்ட்

அத்தியாயத்தை எடுத்தால் போதாது, போர்டையும் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிமெண்டு என்ற வார்த்தையைக் கேட்டு அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடையவில்லை. செல்வராசு அவருக்குப் பங்காளி. சிமெண்டு வாங்கிக் கொடுத்ததே இவர்தானாம்.

அப்படியென்றால் போர்டு வைக்கும்போதே தெரியாதா என்றேன். தெரியும், ஆனால் காலேஜில் படித்தவர்கள் வேறு ஏதோ பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு கார் வருகிறது, கோயில் வாசலில் ஒரு அம்மா மோர் விற்கிறார், கோயிலுக்கு டவுன் பஸ் விட மனு கொடுத்திருக்கிறார்கள். மனுவோடு பத்திரிகைச் செய்தியையும் இணைத்திருக்கிறார்கள். தப்பைத் தப்பு என்று சொல்ல வந்த நான் தலையைக் குனிந்துகொண்டு இளநீரைக் குடித்தேன். தலைவர் என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி சொன்னார்: “நீங்க சொன்னதுனாலதான் மேடம் வெச்சோம். இப்ப நீங்களே எடுன்னா, ஊருல்ல பொய் சொன்னதா ஆயிடும்.”

பக்கம் நூற்று எண்பத்தாறு

புது முடிவோடு ஆய்வேட்டைத் திரும்ப எழுதக் கெடு போதவில்லை. அபராதம் கட்டி, கடிதம் மேல் கடிதம் கொடுத்து நான்கு மாதம் வாங்கினேன். அதற்குள் நிரந்தரப் பணியிடத்துக்கு நேர்காணல் முடிந்துவிட்டது. தலைப்புகளைப் பங்கு வைத்த அன்று ஏரிகளை எடுத்துக்கொண்டு போன பெண்ணுக்குக் கிடைத்தது, நல்ல பெண், ஸ்வீட் கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குப் பட்டம் அதற்கப்புறம் வந்தது. ‘பார்த்த இடங்களில் வில் வாத்தியத்துக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை’ என்பதுதான் முடிவு. வாய்மொழித் தேர்வில் யாரும் கை தட்டவில்லை. ஆனால் கேள்வியும் அதிகம் கேட்கவில்லை. நான் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான்.

பக்கம் நூற்று எண்பத்தாறில் ஒரு அடிக்குறிப்பு சேர்த்திருந்தேன்: தூண் சிலையின் வலது கையும் வில்லும் கும்பாபிஷேகத்தின்போது கொத்தனார் செல்வராசு அவர்களால் செய்யப்பட்டவை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார், மகளிடம் காட்ட வேண்டும் என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. ரொம்பச் சரியாக வந்திருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, ஒன்பது வருஷத்தில் என் படிப்பு ஒருவருக்காவது உபயோகப்பட்டதே என்று தோன்றியது.

அப்போது காரில் வந்த ஒரு தம்பதி தூணருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு வயலின் தெரியும் போலிருக்கிறது. என்னங்க, வில்லு இப்ப இருக்கிற மாதிரியே இருக்கே என்று சந்தேகமாகக் கணவரிடம் சொன்னார். ஒன்பது வருஷமாக எனக்கு வராத சந்தேகம் அவருக்கு ஒன்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். செல்வராசு சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு, வேண்டாம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அதற்குள் கணவர் நீல போர்டைக் காட்டிச் சொன்னார்: “போர்டுலயே போட்டிருக்கு. தப்பாவா போடுவாங்க?”

ஒன்பது வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து நான் ஐயமில்லாமல் நிரூபித்தது இவ்வளவுதான்: செல்வராசு அந்தக் கச்சேரியை மிகவும் கவனமாகப் பார்த்திருக்கிறார்.